பாலத்துக்கு மேலேயா, கீழேயா?

அன்புள்ள ஐயா,

உங்கள் மீன்பிடிக் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் ஏப்ரலில் நானும் இரண்டு நண்பர்களும் இமாசலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போனோம். குஷைனியில் ஆற்றை ஒட்டி ஒரு விடுதி. முறையாக லைசென்ஸ் எடுத்து, கம்பும் ரீலும் வாடகைக்கு வாங்கி, மூன்று நாள் டிரவுட் மீன் பிடிக்கப் பார்த்தோம். ஒன்றுகூட மாட்டவில்லை. ஆற்று நடுவில் இருந்த பெரிய பாறைமேல் ஏறி நின்று, நுரைத்து ஓடும் தண்ணீரில் கை வலிக்க வீசியதுதான் மிச்சம். கடைசி நாள் ஒரு சின்ன மீன், இரைபோலச் சுழலும் தகட்டுத் தூண்டிலான ஸ்பின்னருக்குப் பின்னாலேயே கரைவரை வந்து திரும்பிப் போனது. அவ்வளவுதான்.

ராத்திரியானால் விடுதி முற்றத்தில் தீ மூட்டித் தூண்டில்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கொரு கதை. கொல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மரம் விழுந்து கிடந்த ஒரு வளைவில் நாற்பது நிமிடம் முட்டிபோட்டு நகர்ந்தாராம். வெயில் மலைக்குப் பின்னால் போகும்வரை ஒரு கல்லுக்குப் பின்னால் காத்திருந்தாராம். மாட்டிய மீன் மூன்று கிலோவாம், தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வயதில் பெரியவர்கள் எதற்கு இப்படிப் பச்சைப்பொய் சொல்கிறார்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடுவதற்கு என்றால் எதற்குப் பிடிக்க வேண்டும்? மீனை வதைப்பதுதானே அது? இதற்கு இமயமலைவரை போக வேண்டுமா, நம் ஊட்டியிலேயே டிரவுட் உண்டு என்கிறார்களே?

க., ஈரோடு

---

அன்புள்ள க.,

பகலெல்லாம் மீன்பிடித்தோம், ராத்திரி பொய்க்கதை கேட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ, அந்த மூன்று நாளில் உங்களுக்கு உண்மையாகக் கிடைத்தது அந்த ராத்திரிகள்தான் என்று படுகிறது. அந்த ரயில்வே பெரியவர் சொன்னதை உங்கள் கடிதத்திலேயே இரண்டு மூன்று முறை படித்தேன். மூன்று கிலோவை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

முதலில் முட்டிபோட்டு நகர்ந்தது. தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேல் ஒரு வட்டச் சன்னல்போலத்தான் தெரியும். ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால், நம்முடைய வானமும் கரையும் மரமும் எல்லாம் சுமார் 97 டிகிரி அகலமுள்ள அந்த வட்டத்துக்குள் சுருங்கி வந்துவிடும். உயரமாக நிற்கிற ஆள் அதில் நன்றாகத் தெரிவான். தாழ்ந்து இருக்கிறவன் வட்டத்தின் விளிம்பில் நசுங்கி, ஏறக்குறைய இல்லாமலே போய்விடுவான். அதனால்தான் டிரவுட் பிடிக்கிறவன் தவழ்கிறான். நீங்கள் ஆற்று நடுவில் பாறைமேல் ஏறி நின்றிருக்கிறீர்கள். சுற்றியிருந்த அத்தனை மீனுக்கும் உங்களைத் தெரிந்திருக்கும். பாறையில் காலை வைத்து ஏறிய அதிர்வே போதும், மீனின் விலாவில் ஓடும் உணர்கோடு அதை வாங்கிவிடும்.

அடுத்தது அந்த விழுந்த மரம். டிரவுட் எப்போதும் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும். ஆனால் முழு ஓட்டத்தில் நிற்காது, அப்படி நின்றால் தின்பதைவிடச் செலவாகும் தெம்பு அதிகம். ஒரு கல்லோ மரமோ தண்ணீரைப் பிரித்து, வேகத் தண்ணீரும் மந்தத் தண்ணீரும் ஒன்றோடொன்று உரசிப் போகிற ஒரு கோடு உண்டாகும் அல்லவா, அங்கேதான் நிற்கும். மந்தத்தில் உடம்பு, வேகத்தில் கண். ஓட்டம் கொண்டுவருகிற புழுபூச்சியை ஒரு எட்டு எட்டிக் கவ்விவிட்டு மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடும். நீங்கள் வீசிய வெள்ளை நுரையில் அதற்கு வேலையே இல்லை.

வெயில் மறையக் காத்திருந்தது மூன்றாவது. பிரவுன் டிரவுட் வெளிச்சத்துக்குக் கூச்சப்படும் மீன். அதிலும் பெரியது பகலில் நிழலை விட்டு நகராது, அந்திக்குத்தான் இரைக்கு வரும். கடைசியாக, அறுத்துக்கொண்டு போனது. விழுந்த மரத்துக்கடியில் மாட்டிய மீன் வேறெங்கே ஓடும்? நேராகக் கிளைகளுக்குள்தான். கிளையில் நரம்பு ஒரு சுற்று சுற்றினால் முடிந்தது. அந்தப் பெரியவர் ஐந்து நிமிடத்தில் உங்களுக்கு ஒரு பாடத்தையே நடத்திவிட்டார், க. சம்பளம் வாங்காமல்.

எனக்கு இது புரிந்தது தாமிரபரணியில். பள்ளிக்கூடம் போகிற வயதில் எங்கள் சித்தப்பாவோடு ஆற்றுக்குப் போவேன். மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, ஈயத்துண்டு. எனக்குக் கெண்டைதான். அவருக்கு விரால். ஒருமுறை கைதப்பிய ஒரு விராலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். முதலில் அது முழங்கை நீளம் இருந்தது. நான் பத்தாம் வகுப்பு போனபோது தோள்வரை வந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் ஒன்று மட்டும் கடைசிவரை மாறவில்லை: “மருதமரத்து வேர் தண்ணிக்குள்ள இறங்குதுல்லா, ரெண்டாவது வேர். பொழுது அடையுத நேரம். தவளைக்குஞ்சு.” அவர் போய்ப் பல வருஷம் கழித்து, ஒரு சாயங்காலம் அந்த இரண்டாவது வேருக்குப் பக்கத்தில் தவளையைக் கோத்துப் போட்டேன். விரால் எடுத்தது. முழங்கை அளவுகூட இல்லை. கரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தூண்டில்காரர்கள் அளவில்தான் கூட்டிச் சொல்வார்கள். இடத்திலும் நேரத்திலும் பொய் சொல்ல மாட்டார்கள். இடத்தைச் சொல்ல விருப்பமில்லாதவர் வாயையே திறக்க மாட்டார்.

நானும் தீர்த்தனில் அப்படி ஒரு தீயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறேன். புனேயிலிருந்து வந்த ஒரு இளைஞர், அன்று மாட்டித் தப்பிய மீனைப் பற்றிக் கைகளை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரப் பையன் ஒருவன், எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவன், மரக்குச்சியால் தணலைக் கிளறிக்கொண்டு பேசாமல் இருந்தான். கதை முடிந்ததும் ஒன்றுதான் கேட்டான்: “பாலத்துக்கு மேலேயா, கீழேயா?” கீழே, ஓட்டம் போகிற பக்கம், என்றார் அவர். “மதியத்துக்கு முன்னாலா?” ஆமாம். “தண்ணி பச்சையா இருந்ததா, சாம்பலா?” பச்சை. பையன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். மீன் எத்தனை கிலோ என்று அவன் கேட்கவே இல்லை. வெயில் ஏறினால் மேலே பனி உருகும், மதியத்துக்கு அப்புறம் ஆறு பெருகிக் கலங்கிவிடும். கலங்காத பச்சைத் தண்ணீரில் பாலத்துக்குக் கீழே ஒரு மீன் நிற்கிறது என்பதுதான் அவனுக்கு வேண்டிய சேதி. மறுநாள் விடிகாலையில் என்னை அங்கேதான் கூட்டிப்போனான்.

அங்கே கிடைத்த மீனைச் சொல்லிவிட்டு உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பிரவுன் டிரவுட். விலா கருப்பட்டிப் பாகு நிறம், வயிறு வெண்ணெய் மஞ்சள், பக்கவாட்டில் சிவப்புப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டையும் சுற்றி வெளிறிய ஒரு வளையம். தண்ணீரைவிட்டு எடுக்காமல்தான் பார்த்தேன். பையன் முன்பே குறடால் தூண்டில் முள்ளின் எதிர்ப்பல்லை நசுக்கி வைத்திருந்தான், அதனால் லேசாகத் திருப்பியதும் கழன்றுவிட்டது. கையை நன்றாக நனைத்துக்கொண்ட பிறகுதான் தொட விட்டான். மீன் உடம்பின் வழுவழுப்புதான் அதற்குக் கவசம், காய்ந்த கை பட்டால் அது வழித்துக்கொண்டு வந்துவிடும், அங்கே பூஞ்சை பிடிக்கும். மீனை ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்திருந்தேன். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியது. அப்புறம் கைக்குள்ளிருந்து ஒரு உதறல், இல்லை.

வதையா என்று கேட்கிறீர்கள். மீனுக்கு ஒன்றும் ஆவதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அது பயப்படுகிறது, போராடுகிறது, களைத்துப்போகிறது. ஒரே நாளில் இருபது முப்பது பிடித்து விட்டேன் என்று எண்ணிக்கை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாயில் முள்ளோடு மீனைத் தூக்கிப் பிடித்து நிதானமாகப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வரும். நான் இரண்டோடு கம்பைச் சுருட்டிவிடுவேன். சட்டம் அனுமதிக்கிற அளவில் ஒன்றை எடுத்துக்கொண்டு, தலையில் ஒரே அடியாக அடித்துக் கொன்று, அன்றைக்கே சமைத்துத் தின்பதும் நேர்மையான காரியம்தான். உங்கள் மனசு எதை ஒப்புகிறதோ அதைச் செய்யுங்கள். ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி முடியும்வரை அங்கே டிரவுட் ஆறுகளில் தூண்டில் போடத் தடை, பிரவுன் டிரவுட் கூழாங்கல்லில் முட்டையிட்டு அவை பொரிகிற காலம் அது. அந்த நாட்களில் யாராவது ‘சும்மா வாங்க’ என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

ஊட்டி விஷயம். ஆமாம், உண்டு. 1860களிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயன்றபோதுதான் ரெயின்போ டிரவுட் பிழைத்தது, அவலாஞ்சியில் பொரிப்பகமும் வந்தது. ஆனால் அந்தப் பக்கத்து நல்ல ஓடைகள் பல இன்று முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அங்கே தூண்டிலோடு போக முடியாது, போகவும் கூடாது.

தீர்த்தனிலும் டிரவுட் வந்தேறிதான். காஷ்மீருக்கு 1899இல் பிரிட்டனிலிருந்து அனுப்பிய முட்டைகள் வழியிலேயே கெட்டுப்போயின, அடுத்த ஆண்டு வந்தவை பிழைத்தன. அங்கிருந்துதான் சில வருஷங்களில் குலு பக்கத்து ஆறுகளுக்கும் போயிற்று. அந்த ஆறுகளுக்கே சொந்தமான மீன் ஒன்று உண்டு. ஸ்னோ டிரவுட் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அது டிரவுட்டே இல்லை, நம் கெண்டைக்குப் பங்காளி. அடியில் இருக்கிற வாயால் கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். டிரவுட் வந்ததிலிருந்து அதற்கு இடம் குறைந்துபோயிருக்கிறது. அடுத்தமுறை போகும்போது அதைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். கிழவர்களிடம் அதற்கும் கதை இருக்கும்.

அடுத்தமுறை என்று நானே முடிவுசெய்துவிட்டேன், நீங்கள் போவீர்கள் என்று தெரியும். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஒரு மீன் இருக்கிறது. மூன்று நாள் சலிப்பையும் சொல்லிவிட்டு, ஒரே வரியில் அதைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கடைசி நாள், ஸ்பின்னருக்குப் பின்னாலேயே கரைவரை வந்து திரும்பிய சின்ன மீன்.

அது எங்கிருந்து கிளம்பி வந்தது? அப்போதும் பாறைமேல்தான் நின்றீர்களா, இறங்கியிருந்தீர்களா? வெயில் தண்ணீரில் விழுந்திருந்ததா? நீங்கள் ரீலைச் சுற்றுவதை நிறுத்தியதும் திரும்பியதா, உங்களைப் பார்த்ததும் திரும்பியதா? பாலத்துக்கு மேலேயா, கீழேயா?

எழுதுங்கள். அளவைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் பரவாயில்லை.