மான்செஸ்டர் பக்கத்துல இருக்கற குவாரி பேங்க் மில்லுக்கு போயிருக்கீங்களா? பழைய பஞ்சு மில்ல பார்க்க ஒரு நாள் ஒதுக்கலாமா?

போயிருக்கேன், மூணு தடவை. ஒரு நாள் முழுசா ஒதுக்குங்க, அரை நாள்ல ஓடிப் பார்த்துட்டு வர்ற இடம் இல்ல அது. ஆனா நான் சொல்லப்போறது மூணாவது தடவையப் பத்தித்தான், ஏன்னா அப்பத்தான் ஊர்ல இருந்து வந்திருந்த அப்பாவ கூட்டிட்டு போனேன், அவர் கூட நடந்தப்புறம்தான் முதல் ரெண்டு தடவையும் நான் எதையும் ஒழுங்கா பார்க்கலன்னே எனக்குத் தெரிஞ்சது.

எங்க ஊரு விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் பக்கம். அப்பா மில்லுல ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்ல 32 வருசம் வேலை பார்த்தவர். எங்க ஊர்க்காரங்க வாயில இன்னைக்கும் அது ஹார்வி மில்லுதான். ஸ்காட்லாந்துல இருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் 1880கள்ல திருநெல்வேலியில அந்த இடத்த தேடிப் பிடிச்சதே தாமிரபரணிக்காகத்தான், மலையில இருந்து இறங்குற தண்ணிய வச்சு மிஷின ஓட்டலாம்னு. அதனால "தண்ணியில ஓடுன மில்லு"ன்னு நான் சொன்னதும் அப்பாவுக்கு அது ஏதோ வெளிநாட்டு அதிசயமா படல, நம்ம மில்லோட தாத்தா வீட்டுக்குப் போறோம்ங்கற மாதிரி கிளம்பிட்டார்.

இடம் ஸ்டையல்னு ஒரு சின்ன கிராமம், மான்செஸ்டர் ஏர்போர்ட்டுக்கு ரொம்ப பக்கம், பொல்லின்னு ஒரு ஆறு. ஆறுன்னு சொல்றாங்க, ஆனா நம்ம தாமிரபரணிய பார்த்த கண்ணுக்கு அது ஒரு வாய்க்கால்தான். அந்த வாய்க்கால நம்பித்தான் சாமுவேல் கிரெக்னு ஒருத்தர் 1784ல இங்க மில் கட்டினார். ரிச்சர்ட் ஆர்க்ரைட்னு ஒருத்தர் 1769ல பேடன்ட் வாங்குன நூற்பு மிஷினுக்கு மனுசன் கை பலம் பத்தாது, தண்ணியோட பலம் வேணும், அதனாலதான் அதுக்கு வாட்டர் ஃபிரேம்னே பேர் வந்தது. தண்ணி விழற இடத்தத் தேடித்தான் மில்லு போகணும், நீராவி இஞ்சின் பரவலா ஆனப்புறம்தான் மில்லெல்லாம் டவுனுக்குள்ள வந்தது. இவ்வளவு பெரிய செங்கல் கட்டடம் ஏன் காட்டுக்கு நடுவுல பள்ளத்துல நிக்குதுன்னு முதல் தடவை போனப்ப நான் யோசிக்கவே இல்ல.

உள்ள போனதும் நேரா கீழ இறங்குங்க, சக்கரத்துக்கு. எல்லாரும் மேல இருந்து ஆரம்பிச்சு கடைசியில களைச்சுப் போய் சக்கரத்துக்கு வர்றாங்க, அது தப்புன்னு நான் நினைக்கறேன். 50 டன் இரும்பு, அது மெதுவா, அவசரமே இல்லாம சுத்துறத ஒரு பத்து நிமிசமாவது நின்னு பார்க்கணும். இது இந்த மில்லோட ஒரிஜினல் சக்கரம் இல்ல, அது 1900களோட தொடக்கத்துலயே போயிருச்சு, அதுக்குப் பதிலா டர்பைன் வச்சுட்டாங்க. இப்ப சுத்துறது யார்க்‌ஷயர்ல பேட்லி பிரிட்ஜ்ங்கற ஊர்ல வேற ஒரு மில்லுல ஓடுனது, வில்லியம் ஃபேர்பேர்ன்ங்கற இன்ஜினியரோட டிசைன், அங்க இருந்து கொண்டு வந்து மாட்டியிருக்காங்க. தண்ணி வேகமா வந்து மோதி சக்கரத்த தள்ளுதுன்னுதான் நான் அதுவரைக்கும் நினைச்சுட்டு இருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துட்டு சொன்னார், "ஏலே, தண்ணி அடிச்சு சுத்தலடே, கனத்துல சுத்துது". அதுதான் விசயம். சக்கரத்தோட விளிம்புல வரிசையா தொட்டி மாதிரி இருக்கு, ஒரு பக்கத்துத் தொட்டியில மட்டும் தண்ணி நிறையுது, அந்தப் பக்கம் கனமாகி கீழ இறங்குது, கீழ வந்ததும் தண்ணி கொட்டிருது, காலித் தொட்டி மறுபக்கம் ஏறுது. இன்னொன்னும் அவர்தான் காட்டினார், கம்பியெல்லாம் சைக்கிள் சக்கரத்து கம்பி மாதிரி ஒல்லியா இருக்கு பாருன்னு. நடு அச்சுல இருந்து சக்தி எடுக்கல, விளிம்புல இருக்கற பல்லுல இருந்து சின்ன பல்சக்கரத்துக்கு எடுக்கறாங்க, அதனால கம்பி வெறும் எடைய தாங்குனா போதும், அதே சமயம் பெரிய சக்கரம் மெதுவா சுத்தினாலும் சின்னது வேகமா சுத்தும்.

கோடையில ஆத்துல தண்ணி குறைஞ்சா மில் நிக்கும்ல, அதுக்காக 1810ல துணைக்கு ஒரு நீராவி இஞ்சின் வாங்கியிருக்காங்க. இதக் கேட்டதும் அப்பா முகத்துல ஒரு பெருமை, நமக்கு ரெண்டு மழைக்காலமும் தண்ணி வருமேன்னு.

மேல மாடியில மிஷின்கள். பஞ்ச சிக்கெடுத்து சீவுற கார்டிங்ல ஆரம்பிச்சு நூல் வரைக்கும் ஓட்டிக் காட்டுறாங்க, ஓட்டுறவங்க விவரம் தெரிஞ்சவங்க. அப்பாவுக்குப் பழக்கமானது ரிங் ஃபிரேம்ங்கற நூற்பு மிஷின்தான், மியூல்னு இன்னொரு வகை நூற்பு மிஷின அவர் அங்கதான் முதல்முறையா பார்த்தார். ஒரு நீள வண்டி முழுக்க நூல் சுத்துற கதிர்கள், அந்த வண்டி வெளிய நகர்ந்து வரும்போது நூல இழுத்து முறுக்குது, திரும்ப உள்ள போகும்போது சுத்திக்குது. அந்த வண்டி வெளிய வந்துட்டு உள்ள போறதுக்குள்ள, சின்னப் பிள்ளைங்க நூலுக்கு அடியில தவழ்ந்து போய் விழுந்த பஞ்ச கூட்டி எடுத்துட்டு வெளிய வரணும். மிஷின நிறுத்த மாட்டாங்க. இத மிஷின ஓட்டிக் காட்டின மனுசர் சொல்லி முடிச்சதும் நான் அப்பாவுக்கு தமிழ்ல சொன்னேன், அப்பா குனிஞ்சு அந்த இடைவெளிய பார்த்தார், எதுவும் பேசல.

அப்புறம் ஒரு நூல் அறுந்தது, மிஷின ஓட்டினவர் அதை விரல் நுனியில ஒட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு உருட்டு, அவ்வளவுதான், முடிச்சு கிடையாது. அப்பா கைய தூக்கி காத்துலயே அதே மாதிரி உருட்டிக் காட்டினார், அந்த மனுசர் சிரிச்சுட்டு தன் கையால திரும்ப ஒரு தடவை செஞ்சார், ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை கூட தெரியாது, ஆனா ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே விரல உருட்டிட்டு நின்னாங்க. எனக்கு அன்னைக்கு அந்த மில்லு முழுசுலயும் பெரிய காட்சி அதுதான்.

தறிகள் இருக்கற இடத்துல சத்தம் காதைக் கிழிக்கும், குழந்தைங்க கூட போனா முன்னாடியே சொல்லி வைங்க. ரெண்டு மூணு தறி ஓடினதுக்கே அப்படின்னா நூத்துக்கணக்குல ஓடினப்ப எப்படி இருந்திருக்கும். லங்காஷயர் மில்காரங்க உதட்டசைவ பார்த்தே பேசிக்குவாங்களாம், அதுக்கு மீ-மாவ்னு ஒரு பேரே இருக்கு. எங்க வீட்ல அப்பா இப்பவும் சத்தமாத்தான் பேசுவார், சின்ன வயசுல கோவமா இருக்கார்னு நினைச்சு பயப்படுவேன்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இன்னொன்னு அப்ரென்டிஸ் ஹவுஸ், மில்லுல இருந்து கொஞ்சம் மேடேறி நடக்கணும். 1790ல கட்டின வீடு. அனாதை விடுதிகள்ல இருந்தும் ஏழைக் குடும்பங்கள்ல இருந்தும் பிள்ளைங்கள ஒப்பந்தம் போட்டு கூட்டிட்டு வந்து தங்க வச்ச இடம், ஒரு காலத்துல 90 பேர் வரைக்கும் இருந்திருக்காங்க. ஒரு கட்டில்ல ரெண்டு பேர். ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலை, சாப்பாடும் துணியும் படுக்கையும்தான் கூலி. இந்த முறை 1847 வரைக்கும் நடந்திருக்கு. தாமஸ் பிரீஸ்ட்லின்னு 13 வயசுப் பையன், மிஷின்ல விரல் போயிருச்சு, 1806ல இன்னொரு பையனோட சேர்ந்து தப்பிச்சு லண்டன் வரைக்கும் போயிட்டான், அம்மாவப் பார்க்கணும்னு. பிடிச்சு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தி விசாரிச்சத எழுதி வச்சதாலதான் அவன் பேரே நமக்குத் தெரியுது.

மத்த மில்லுகளோட ஒப்பிட்டா கிரெக் பிள்ளைங்களுக்கு டாக்டர் வச்சார், படிப்பு சொல்லிக் குடுத்தார்னு சொல்லுவாங்க, அது உண்மைதான். அதே கிரெக் குடும்பத்துக்கு டொமினிக்கா தீவுல அடிமைகள வச்சு நடத்தின தோட்டம் இருந்ததும் உண்மை, மில்லுக்கு வந்த பஞ்சும் பெரும்பாலும் அமெரிக்காவுல அடிமைகள் பறிச்சது. ரெண்டையும் சேர்த்து வச்சுத்தான் பார்க்கணும். எனக்கு அங்க நிக்கும்போது 1908ல தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிங்க வ.உ.சி. பின்னாடி நின்னு வார லீவு கேட்டு வேலைநிறுத்தம் பண்ணினதுதான் ஞாபகம் வந்தது, அதுவும் ஹார்வி மில்லுதான்.

முதலாளி வீடும் தோட்டமும் அழகா இருக்கும், ஆனா அதை கடைசியா வச்சுக்கோங்க. மில் 1959ல உற்பத்திய நிறுத்திருச்சு, இடம் 1939லயே பழைய இடங்கள பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட்ங்கற அமைப்போட கைக்கு வந்துட்டதால நல்லா பராமரிக்கறாங்க. ஸ்டையல் ஸ்டேஷன்ல எப்ப ரயில் நிக்கும்னு முன்னாடியே பார்த்துக்கோங்க, இல்லன்னா ஏர்போர்ட் வரைக்கும் ரயில்ல போய் அங்க இருந்து டாக்சி எடுக்கலாம். ஏத்தம் இறக்கம், படிக்கட்டு நிறைய, பெரியவங்கள கூட்டிட்டுப் போனா நல்ல ஷூ போடச் சொல்லுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி சக்கரம் ஓடுதான்னு கேட்டுக்கோங்க, அப்ரென்டிஸ் ஹவுஸுக்கு நேரம் போட்டுத்தான் உள்ள விடுவாங்க, உள்ள நுழைஞ்ச உடனே அந்த நேரத்த வாங்கிருங்க, நாங்க முதல் தடவை அத விட்டுட்டுத்தான் திரும்பி வந்தோம்.