கதவுக்கு வெளியே கேட்ட கேள்வி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 33 வயது. கணக்குத் துறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் அதை விட்டேன். இப்போது ஆன்லைனில் பணம் வைத்துப் போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறேன். சிரிக்காதீர்கள், என் அம்மா இன்னும் சொந்தக்காரர்களிடம் நான் ஏதோ கம்ப்யூட்டர் வேலை செய்வதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இருக்கும் இடத்தில் இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான், அந்தப் பயம் இல்லை.

என் பிரச்சினை என்னவென்றால், என் கணவர் ரொம்ப நல்லவர். வேலையை விடலாமா வேண்டாமா என்று நான் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தபோது, "ரெண்டு வருஷம் முழுசா முயற்சி பண்ணிப் பாரு, வீட்டை நான் பாத்துக்கிறேன்" என்றவர் அவர்தான். இரவு ஒன்பது மணிக்கு நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், ஆறு வயது மகளைத் தூங்கவைப்பதிலிருந்து மறுநாள் அவள் பையை எடுத்து வைப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு. காலையில் "எப்படிப் போச்சு?" என்று கேட்பார். "எவ்வளவு போச்சு?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் எட்டு மாதம் லாபம்தான். அப்புறம் சறுக்கல். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரே ராத்திரியில் நான்கு பை-இன் (டேபிளில் உட்கார ஒரு முறை கட்டும் பணம்) போனது. காலையில் அவர் கேட்டபோது "கிட்டத்தட்ட சமம்தான்" என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று நான்கு முறை அதே 'சமம்'. இதுவரை கிட்டத்தட்ட 50,000 ஹேண்ட், அதாவது சீட்டுப் போட்டு ஆடும் சுற்று, ஆடியிருக்கிறேன். மொத்தக் கணக்கில் இன்றைக்குச் சின்ன நஷ்டத்தில் நிற்கிறேன், அது அவருக்குத் தெரியாது.

போன வாரம் மதியம் படுத்திருந்தேன். மகள் அறைக்கு வெளியே நின்று அப்பாவிடம் கேட்கிறாள்: "அம்மா நேத்து ஜெயிச்சாங்களா, தோத்தாங்களா? நான் உள்ள போகலாமா?" அவர் என்ன பதில் சொன்னார் என்று காதில் விழவில்லை. அன்றிலிருந்து டேபிளைத் திறந்தாலே கை ஓடவில்லை.

இது அடிமைத்தனமா, இல்லை இந்தத் தொழிலில் சகஜமா? அவரிடம் உண்மையைச் சொன்னால் நம்பிக்கை போய்விடாதா? விட்டுவிடவா?

- ஒரு அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

சிரிக்கவில்லை. உங்களைப் போல ஆடுகிற சிலர் என் முன்னால் உட்கார்ந்து பேசியதில் இந்த ஆட்டம் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

முதலில் நஷ்டத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குக் குறைவாகக் கவலை தருவது அதுதான். கையில் இரண்டு ஏஸ், எதிரே இரண்டு கிங், எல்லாப் பணமும் நடுவில். அப்போதும் நூற்றுக்குப் பதினெட்டு முறை தோற்பீர்கள். நூறு ஹேண்டுக்கு மூன்று பிக் பிளைண்ட் (சீட்டுப் போடும் முன் ஒருவர் கட்டாயம் வைக்கும் பந்தயத் தொகை) சம்பாதிக்கும் உண்மையான திறமைசாலிகூட, வழக்கமான ஏற்ற இறக்கத்தில் 50,000 ஹேண்டுக்குப் பிறகு நஷ்டத்தில் நிற்க ஐந்தில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பிருக்கிறது. கணக்குப் படித்தவர், நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால் இந்த நஷ்டத்தை வைத்து 'எனக்கு வராது' என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் முதல் எட்டு மாத லாபத்தை வைத்து 'எனக்கு வரும்' என்றும் முடிவு கட்டியிருக்க முடியாது, இதைச் சொன்னால் வருபவர்களுக்கு என் மேல் கோபம் வரும், பரவாயில்லை.

அடிமைத்தனமா என்று கேட்டீர்கள். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு 2013-இல் சூதாட்டக் கோளாறை அடிமைப் பழக்கங்களோடு சேர்த்தது. ஒன்பது அறிகுறிகள் சொல்கிறது, ஒரு வருடத்துக்குள் குறைந்தது நான்கு இருந்தால் கோளாறு. எவ்வளவு தோற்றீர்கள் என்பது அதில் கிடையாது. விட்டதைப் பிடிக்க மறுநாளே உட்காருவது, மனம் சரியில்லாதபோது ஆடப் போவது, நிறுத்த முயன்று முடியாமல் போவது, இப்படிப் போகிறது பட்டியல். மறைக்கப் பொய் சொல்வதும் ஒன்று, அதை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த நான்கு பை-இன் ராத்திரியில், இரண்டு போனதும் எழுந்துவிடுவது என்று முன்பே நினைத்திருந்தீர்களா? நினைத்தும் எழவில்லை என்றால், அது எத்தனை முறை நடந்தது? தோற்ற சூட்டில் நிதானம் இழப்பதை ஆடுபவர்கள் டில்ட் என்பார்கள், அப்படி நீங்கள் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதை நான் இப்படிப் பிரித்துக் கேட்பேன். பதில் உங்களையே பயமுறுத்தினால் கடிதத்தோடு நிறுத்தாமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள், அதுவரை டேபிள் வேண்டாம்.

இப்போது உங்கள் கணவர். அவர் கொடுத்த ஆதரவை ஒரு பரிசு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் தோற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. பரிசு கொடுத்தவரிடம் போய் 'உடைத்துவிட்டேன்' என்று யார் சொல்வார்கள்? ஆனால் அவர் கொடுத்தது பரிசு இல்லை. தினமும் மாலையில் தன் நேரத்தையும் தூக்கத்தையும் சம்பளத்தையும் வைத்து உங்களோடு சேர்ந்து ஆடுகிறார். ஒரே வித்தியாசம், உங்களுக்கு உங்கள் கார்டு தெரிகிறது, அவருக்கு அவருடைய கார்டே தெரியவில்லை. 'சமம்தான்' என்று நீங்கள் சொன்னதை நம்பி அவர் இன்னொரு மாதம் உள்ளே வைக்கிறார். தெரிந்திருந்தாலும் வைத்திருக்கலாம். ஆனால் அந்த முடிவை நீங்கள் அவருக்குப் பதிலாக எடுத்துவிட்டீர்கள்.

அவர் தொகையைக் கேட்காததற்கு உங்கள் மேல் உள்ள நம்பிக்கைதான் காரணமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். ஆறு வயதுக் குழந்தைக்கே உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிகிறது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அதனால் சொல்லுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அழுதுகொண்டு வேண்டாம், பகலில், மகள் பள்ளிக்குப் போன பிறகு, பதிவு வைத்திருக்கிறீர்களே, அதைத் திறந்து வைத்து எண்ணைச் சொல்லுங்கள். பேங்க்ரோலில், அதாவது ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில், என்ன மிச்சம், 'சமம்' என்று சொன்ன நாட்கள் எவை. 'இனி ஆடவே மாட்டேன்' என்று அந்தச் சூட்டில் சத்தியம் செய்யாதீர்கள், அதுவும் ஒரு டில்ட்தான்.

அப்புறம் அவர் 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு வழி வேண்டும். நல்லவர்களுக்கு அது தானாக வராது, நாம்தான் கேட்க வேண்டும்: எந்தத் தொகை வரை போனால் நீங்கள் போதும் என்பீர்கள்? எந்தத் தேதி? இரண்டு வருடம் என்றார், சரி, அது முடிகிற அன்றைக்கு என்ன நடக்கும் என்று யாராவது பேசினீர்களா? இருவரும் எழுதி வையுங்கள், தோற்ற மறுநாள் அதை மாற்றக் கூடாது. வீட்டுச் செலவுப் பணமும் பேங்க்ரோலும் ஒரு நாளும் கலக்கக் கூடாது.

நேரம் பற்றி ஒன்று. கடைசி ஆள் வரை நடக்கும் போட்டியான டோர்னமென்ட்டில் நன்றாக ஆடினால் விடியும் வரை எழ முடியாது, ஒவ்வொரு ஹேண்டிலும் நேரடியாகப் பணம் வைத்து ஆடும் கேஷ் கேமில் எப்போது வேண்டுமானாலும் எழலாம். பள்ளி நாட்களில் கேஷ் மட்டும், மணி அடித்தால் எழுந்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் அவருக்கும் கொஞ்சம் ராத்திரி மிஞ்சும். காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்புகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், தோற்ற நாளிலும். குறிப்பாகத் தோற்ற நாளில். நீங்கள் ஜெயிக்காத நாளிலும் உள்ளே வரலாம் என்று சொன்னால் அவளுக்குப் புரியாது, சில வாரம் நடந்தால்தான் புரியும்.

விட்டுவிடவா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அந்தப் பேச்சு முடிந்த பிறகு அதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், உங்கள் காதில் விழாத அந்தப் பதிலிலிருந்து ஆரம்பியுங்கள். அன்றைக்கு மகளிடம் என்ன சொன்னீர்கள் என்று அவரிடம் கேளுங்கள்.