வாசகர் கேள்வி – பதில்: முகப்பு விளக்கும் துருப்பிடித்த திருகாணிகளும்

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பில், தெருவைப் பார்த்த சுவரில், கண்ணாடிக் கூடு போட்ட பழைய விளக்கு ஒன்று இருக்கிறது. வீடு ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். இந்த ஆண்டு படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) பங்காளிகள் அனைவரும் வருவதால் விளக்கை மாற்ற நினைத்தோம். ஆனால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் சரி, சுவரோடு பிடித்திருக்கும் திருகாணிகளும் சரி, துருவேறி அசைய மறுக்கின்றன. வந்த மின்பணியாளர் சுத்தியலால் தட்டியதில் ஓரத்துச் சாந்து ஒரு கையகலம் பெயர்ந்துவிட்டது. மேலும் சேதமின்றி இதைக் கழற்றிப் புது விளக்குப் பொருத்த முடியுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: நிச்சயமாக முடியும். ஆனால் விளக்கைவிடச் சுவர் விலை உயர்ந்தது என்பதை மனத்தில் வைத்துத் தொடங்குங்கள். விளக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். மெருகேற்றிய அந்தச் சுண்ணாம்புப் பூச்சைத் திரும்பச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே. ஆகவே தட்டுவதையும் நெம்புவதையும் இப்போதே நிறுத்திவிடுங்கள்.

முதலில் மின்சாரம். விளக்கின் சுவிட்சை அணைப்பது போதவே போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல், அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருப்பதுண்டு. அப்படியானால் விளக்கு அணைந்திருந்தாலும் அதனுள் மின்னழுத்தம் காத்திருக்கும். மெயினை அணையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்து, அதன் வெளிவரும் இணைப்பைப் பிரித்துவிடுங்கள், ஏனெனில் மெயினை அணைத்த மறுநொடியே இன்வெர்ட்டர் தன் மின்சாரத்தை அதே கம்பிகளில் அனுப்பத் தொடங்கிவிடும். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகே மெயினை அணைத்து விளக்கின் கம்பிகளைச் சோதிக்க வேண்டும். பழுதான டெஸ்டரும் எரியாதுதான். ஏணி மரத்தாலானதாக இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுக்கும் என்பதால் ஏணிக்காலின் கீழ் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி, திருகாணிகள். உங்கள் விளக்கில் இரண்டு வகைத் திருகாணிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்வதால்தான் பெரும்பாலான இடங்களில் சேதம் நேர்கிறது. கண்ணாடியைப் பிடித்திருப்பவை உலோகத்துக்குள் மரையிட்டு இறங்கியவை. சுவரோடு பிடித்திருப்பவை, அந்தக் காலத்து வழக்கப்படி, சுவருக்குள் பதித்த மரக்கட்டையில் இறங்கியவை.

உலோகத்தில் இறங்கியவை ஏன் இறுகுகின்றன? இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு மரையின் இடுக்குகளை நிரப்பிவிடுகிறது. விளக்கின் உடல் அலுமினியமாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். இருவேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று மற்றொன்றின் பொருட்டு அரிக்கப்படுகிறது. திருகாணியைச் சுற்றி வெண்பொடி படிந்திருந்தால் அலுமினியம் அரிபடுகிறது என்று பொருள். நம் காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் உலோக அரிப்புக்கென்றே தனி ஆய்வுகள் நடக்கின்றன என்றால், இது எளிதில் தள்ளிவிடத்தக்க சங்கதி அன்று என்பது விளங்கும்.

இவ்வகைத் திருகாணிக்கு எண்ணெய் பயன்படும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தலையில் உள்ள காடியைக் கூரிய ஊசியால் சுரண்டித் தூய்மை செய்த பின், துருநீக்கும் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். எண்ணெய் சுவரில் வழியாதபடி கீழே பழந்துணியை ஒட்டிவையுங்கள். சுண்ணாம்புப் பூச்சில் எண்ணெய்க் கறை ஏறினால் போகாது. மறுநாள், காடியை முழுமையாக நிரப்பும் அகலமுள்ள திருப்புளியை நேராக வைத்து, அதன் பிடியில் சிறு சுத்தியலால் இரண்டு மூன்று முறை மெதுவாகத் தட்டுங்கள். தட்டு திருகாணியின் நீளவாக்கில் விழுவதால் துருவின் பிடி விரிசல் விடும். கண்ணாடியையோ விளக்கின் ஓரத்தையோ தட்டினால் அந்தப் பயன் கிடைக்காது, சாந்துதான் பெயரும். பிறகு கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்கும் பக்கம் ஓர் இம்மியளவு திருப்பிப் பாருங்கள். அசைந்துவிட்டால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக ஆட்டிக் கழற்றலாம். தீப்பந்தமோ ஊதுவிளக்கோ காட்டிச் சூடாக்கச் சிலர் சொல்வார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில், தேக்கு உத்தரத்தின் கீழே, அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

சுவர்த் திருகாணிகளுக்கு எண்ணெய் வேண்டாம். மரத்துக்குள் இறுகிய துருவை எண்ணெய் அவ்வளவாகத் தளர்த்துவதில்லை. கட்டையும் சுற்றியுள்ள சாந்தும் அதை உறிஞ்சிக்கொள்வதுதான் மிச்சம். கண்ணாடியைக் கழற்றியபின், விளக்கின் அடிப்பாகமும் சுவரும் சேரும் விளிம்பைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அடித்த வெள்ளையும் பெயின்ட்டும் அங்கே ஒரு தோலாகப் படிந்து இரண்டையும் ஒட்டவைத்திருக்கும். கூரிய பிளேடால் அந்தத் தோலைச் சுற்றிலும் அறுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் இழுப்பதால்தான் சாந்து பாளமாகப் பெயர்கிறது; உங்கள் வீட்டில் நடந்ததும் இதுவாகவே இருக்க வேண்டும். திருகாணி திரும்பவில்லையெனில், அதன் தலையின் நடுவே துளையிட்டு, தலையை மட்டும் அகற்றிவிடலாம். துளையிடும் இயந்திரத்தில் சுத்தியல் போல் அதிரும் அமைப்பை அணைத்துவிட்டு, சுழல மட்டும் விட வேண்டும். தலைகள் போனதும் அடிப்பாகம் தானாகக் கையோடு வந்துவிடும். எஞ்சிய தண்டைக் குறடால் பிடித்துத் திருகி எடுக்கலாம், வராவிட்டால் அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதுத் துளை போடலாம்.

விளக்கு கையில் வந்ததும் கம்பிகளைப் பாருங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது. பழைய ரப்பர் உறைக் கம்பிகளாக இருந்தால், தொட்டவுடன் உறை பொடிந்து உதிரும். அப்படி உதிர்ந்தால் டேப் சுற்றிப் புது விளக்கோடு இணைத்துவிட வேண்டாம். உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து, சுவிட்ச் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை எர்த் கம்பியோடு சேர்த்துப் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். அப்போதே, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்திக்கொள்ளுங்கள். உலோக உடல் கொண்ட விளக்குக்கு எர்த் இணைப்பு கட்டாயம் வேண்டும்.

புது விளக்கு வாங்கும்போது ஐ.பி. 65 என்ற குறியீடு உள்ளதா என்று பாருங்கள். முதல் எண் தூசு புகாது என்பதையும், இரண்டாவது எண் பீய்ச்சியடிக்கும் நீரையும் தாங்கும் என்பதையும் குறிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு அடிக்கும் மழைக்கு அது தேவை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் குளவிக்கூட்டையும் அதுதான் தடுக்கும். கம்பி விளக்குக்குள் நுழையுமுன் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். விளிம்பில் சிலிக்கோன் பசை இடும்போது மேற்பக்கமும் இரு பக்கங்களும் போதும். கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே சேர்ந்த நீருக்கு வெளியேற வழியிருக்காது. திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மரையில் சிறிது கிரீஸ் தடவிப் பொருத்தினால் அடுத்த முறை இந்தப் போராட்டம் இராது.

பெயர்ந்த சாந்தைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். வெள்ளைச் சிமெண்டும் வேண்டாம், சுவருக்குப் பூசும் பட்டியும் (புட்டி) வேண்டாம். சிமெண்டு சுண்ணாம்பைவிடக் கடினமானது. சுவரின் ஈரம் அதன் வழியாக வெளியேற முடியாமல் ஓரங்களில் தேங்கி, நல்ல சாந்தையும் சேர்த்துக் கழற்றும். நீர்த்த சுண்ணாம்பும் சலித்த மணலும் கலந்து, சுவரை முதலில் நனைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, வெயில் படாமல் சில நாட்கள் ஈரம் காக்க வேண்டும். மேல் மெருகுக்கு மட்டும் பழைய வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். படைப்புக்குள் அது முடியாவிட்டாலும் பரவாயில்லை, அடிப்பூச்சோடு நிறுத்தி வைக்கலாம்.

கேள்வி: வளவின் வெளிச்சுவர் விளக்கில் பல்பு உடைந்து, அதன் அடிப்பகுதி மட்டும் ஹோல்டரில் சிக்கிக்கொண்டது. உருளைக்கிழங்கை அழுத்தித் திருகினால் வரும் என்கிறார்களே, சரியா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். திருகுமரை ஹோல்டருக்குச் சொல்லப்படும் வழி அது. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது, பல்பின் பக்கவாட்டுப் பின்களை மாட்டித் திருப்பும் ‘பின்’ ஹோல்டர். அதில் அழுத்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும். கிழங்கின் ஈரமும் மாவும் உள்ளே தங்கிப் ஹோல்டரின் பின்களை அரிக்கச் செய்யும். மேலே சொன்னபடி மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, எஞ்சிய சில்லுகளைக் குறடால் அகற்றுங்கள். பின்னர் மூக்குக் குறடால் உலோக விளிம்பைப் பிடித்து, உள்நோக்கி அழுத்தியபடி இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். உள்ளே பச்சைப் பாசி போல் களிம்பு ஏறியிருந்தால் ஹோல்டரையே மாற்றிவிடுங்கள். சில பத்து ரூபாய்தான் செலவாகும்.