மூன்று மருந்துப் பைகள், ஒரே உடம்பு: மருந்தாளுநர் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), ரத்த அழுத்தம், முட்டி வலி மூன்றும் உண்டு. கிட்னியும் பழுதாகி வருகிறதாம். டவுன் அரசாங்க கிளினிக்கில் ஒரு மருந்துப் பை, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்று, முட்டி வலிக்குத் தனியார் கிளினிக்கில் ஒன்று. மொத்தம் பதினொரு வகை மாத்திரை. எதையாவது குறைக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: குறைக்க இடம் இருக்கும் என்றே நினைக்கிறோம். ஆனால் எண்ணிக்கையைவிட எங்களுக்குக் கவலை தருவது வேறு. அந்த மூன்று பைகளையும் ஒரே ஆள் ஒன்றாகப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

முதலில் முட்டி வலி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென், நப்ராக்ஸன், அல்லது நம்மவர்கள் பொன்ஸ்தான் என்று கேட்டு வாங்கும் மெஃபனாமிக் அமிலம் என்றிருந்தால், அதை இன்றே நிறுத்துங்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்வது இந்த ஒன்றை மட்டும்தான். கிட்னியின் வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைக்கும் சுரப்பை இந்த மாத்திரைகள் அடக்கிவிடும். அழுத்தத்துக்குக் கொடுக்கும் பெரிண்டோப்ரில், ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர் மாத்திரை உடம்பின் தண்ணீரைக் குறைக்கும். மூன்றும் கூடினால் வடிகட்டியைத் தள்ளும் அழுத்தமே சரிந்துவிடும். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் ஓரிரு நாளிலேயே கிட்னி நின்றுபோகலாம். அதற்காகப் பெரிண்டோப்ரிலைக் குறை சொல்லாதீர்கள். இனிப்பு நீர்க்காரரின் கிட்னியைக் காக்கும் மருந்து அது.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில். இந்த வயதில் ஒரு நாளைக்கு ஆறு மாத்திரையைத் தாண்ட வேண்டாம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலிக் குளிகை, பொடி எதுவும் வேண்டவே வேண்டாம். 'மால்' (MAL) என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இல்லாத சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி பறந்துவிடும், கூடவே சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாமல், பாக்கெட்டோடு டாக்டரிடம் போங்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பை மறந்திருக்கும்.

அடுத்து, ஒரே மருந்து இரண்டு பைகளில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளினிக்கில் வெள்ளை மாத்திரை, ஆஸ்பத்திரியில் வேறு வடிவம், வேறு வியாபாரப் பெயர். உள்ளே இரண்டும் அம்லோடிபின் என்ற அதே அழுத்த மருந்து. இரட்டிப்பு அளவில் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்த இன்னொரு டாக்டர் நீர் மாத்திரை எழுதுவார். பத்தாவது, பதினோராவது மாத்திரைகள் பல வீடுகளில் இப்படித்தான் வந்து சேர்கின்றன. அதனால் வியாபாரப் பெயரை விட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையே ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அளவு, வேளை, எந்த இடத்தில் கொடுத்தது, எதற்காக. 'எதற்காக' என்ற கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத முடியாத மருந்தைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.

அட்டையை வெட்டி பிஸ்கட் டின்னில் போடுகிற பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள். பெயர் போய்விட்டால் எங்களாலும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, எம்டிஏசி எனப்படும் மருந்தாளுநர் கிளினிக் எங்கே நடக்கிறது என்று கவுண்டரில் கேளுங்கள். அங்கே உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் (eGFR) எண்ணையும் மறக்காமல் கேட்டு எழுதி வாங்குங்கள். அது 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்குள் குறைப்பார்கள். 30-க்குக் கீழே என்றால் நிறுத்துவார்கள். ஈப்போவில் எடுத்த எண் டவுன் கிளினிக்குக்குத் தானாக வந்துவிடும் என்று நம்பியிருக்காதீர்கள்.

வாந்தி பேதி வந்த நாளில் மெட்ஃபார்மின், பெரிண்டோப்ரில், நீர் மாத்திரை மூன்றையும் எப்போது நிறுத்தி எப்போது தொடர்வது என்பதை இப்போதே டாக்டரிடம் கேட்டு, அதே தாளின் பின்புறம் எழுதிவையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு நெடுநாள் இனிப்பு நீர், கிட்னிப் பழுதும் உண்டு. சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. அதே இன்சுலின் அளவுதான், ஆனால் சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது. விடியற்காலையில் வியர்த்து எழுகிறார். நோய் குணமாகிறதா?
– வாசகர், கோல கங்சார்

பதில்: இல்லை ஐயா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்சுலினில் ஒரு பங்கை உடம்பிலிருந்து அகற்றுவது கிட்னிதான். அது தளர்ந்தால் போட்ட இன்சுலின் அதிக நேரம் தங்கி, பழைய அளவே கூடுதலாகிவிடும். காரணமில்லாமல் இறங்கும் சர்க்கரை, கிட்னி மேலும் கெட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். கிட்னிக்காரருக்கு ரத்தசோகை இருந்தால், சில மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி எண்ணும் சரியாகக் காட்டாது. அதை மட்டும் நம்பி நிம்மதி அடைய வேண்டாம்.

வியர்வை வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை அரை கப் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியதும் இரண்டு துண்டு ரொட்டி. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள். இன்சுலினை எத்தனை யூனிட் குறைப்பது என்பதற்கு அடுத்த தவணைவரை காத்திருக்காமல் நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். கடந்த ஒரு வார விரல் குத்து எண்கள் கையில் இருந்தால், அவற்றை நேரத்தோடு எழுதி எடுத்துப் போனால் டாக்டர் ஊகிக்க வேண்டியதில்லை.

கேள்வி: மாதா மாதம் மருந்துக்காகவே ஈப்போ போகவேண்டியிருக்கிறது. பஸ்ஸுக்கே பாதி நாள் போய்விடுகிறது.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் 'எஸ்பியூபி வேண்டும்' என்று சொல்லுங்கள். அடுத்தடுத்த மாத மருந்தை வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ வாங்க ஏற்பாடு செய்வார்கள். சில நிபுணர் மருந்துகள் சிறிய கிளினிக்கில் இருப்பு இருக்காது. அதை அங்கேயே கேட்டு உறுதிசெய்த பிறகு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தபாலில் அனுப்பும் சேவையும் உண்டு, ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள் நேரில் வாங்குவதே நல்லது, வெயிலில் கெட்டுவிடும்.

கேள்வி: பசியாறாமல் ரத்தம் எடுக்கச் சொன்ன நாளில் மாத்திரை போடலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அழுத்த மாத்திரையை வெறும் தண்ணீரில் வழக்கம்போல் போடுங்கள். காலை நேரத்துச் சர்க்கரை மாத்திரையையும், சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினையும் ரத்தம் எடுத்து, பசியாறும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். இரவில் போடும் நீண்ட நேர இன்சுலினைப் பற்றி முதல் நாளே மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்டுக்கொள்ளுங்கள். பால், சீனி இல்லாத கோப்பி ஓ கோசோங்கும் வேண்டாம், தண்ணீர் மட்டும்.