92 மதிப்பெண் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லிவிடுமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் நுண்ணறிவுத் தேர்வில் 92 வாங்கியிருக்கிறான். "இவனிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்" என்கிறார் ஆசிரியர். ஐ.க்யூ. மதிப்பெண்ணை வைத்து படிப்பையும் வாழ்க்கையையும் கணித்துவிட முடியுமா?
– வாசகி ஒருவர்

பதில்: ஆசிரியர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இத்தேர்வுகளில் சராசரி 100 என்று வைக்கப்படுகிறது; ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில்தான் வருகிறார்கள். உங்கள் மகனும் அவர்களில் ஒருவன். வேறொரு நாளில் எழுதினால் நாலைந்து புள்ளிகள் கூடுவதும் குறைவதும் இயல்பே.

அதற்காக, இத்தேர்வுக்கும் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று உங்கள் ஆறுதலுக்காகச் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் 11 வயதில் அறிவுத்திறன் தேர்வு எழுதிய 70,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் 16 வயதில் பொதுத்தேர்வில் என்ன வாங்கினார்கள் என்பதை ஒப்பிட்டு இயன் டியரி குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டுக்கும் இடையிலான தொடர்பு 0.8 அளவுக்கு வலுவாக இருந்தது. முழுப் பொருத்தம் என்றால் அது 1 ஆக இருக்கும். ஆனால் பாடத்துக்குப் பாடம் நிலைமை மாறியது. கணக்கில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்பட்ட மதிப்பெண் வேறுபாட்டில் ஏறத்தாழ 59 விழுக்காடு அந்தத் தேர்வோடு பொருந்திப்போனது. ஓவியத்தில் 18 விழுக்காடுதான்.

பள்ளியைத் தாண்டினால் பிடி இன்னும் தளர்கிறது. வருமானத்தைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தொடர்பு 0.2ஐ ஒட்டியே நின்றது. அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கி, உயர்ந்த ஐ.க்யூ. கொண்ட 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தார். அவர்களில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள், ஆனால் ஒருவரும் நோபல் பரிசு பெறவில்லை. போதிய மதிப்பெண் இல்லையென்று அந்தத் தேர்வில் விடுபட்ட வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும் இயற்பியலில் நோபல் பெற்றார்கள். ஆயிரக்கணக்கானோரின் பொதுப்போக்கைக் காட்டும் எண்ணைக் கொண்டு ஒற்றைப் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மேலும் இந்த எண் கல்லில் செதுக்கியதும் அன்று. 6,00,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி 2018இல் வெளிவந்த ஆய்வு, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஐ.க்யூ.வை 1 முதல் 5 புள்ளிகள் வரை உயர்த்துவதாகக் கண்டது. 1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே இத்தகைய தேர்வை உருவாக்கியதே, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு அவர்களுக்கு ஏற்ற கற்பித்தலைத் தருவதற்காகத்தான். ஆகவே ஆசிரியரிடம் மொத்த எண்ணைப் பற்றிப் பேசாமல், சொல்வளம், நினைவாற்றல், கணக்கு என்ற பகுதிகளில் எது குறைந்திருக்கிறது, அதற்குப் பள்ளி என்ன பயிற்சி தரப்போகிறது என்று கேளுங்கள்.