ஹாஷ் பிரவுனும் ஹோம் ஃப்ரைஸும் – கடிதம்

வணக்கம்.

நியூ ஜெர்சிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே டைனர் என்கிற சிறு உணவகங்களில் காலையில் முட்டை கேட்டால் கூடவே உருளைக்கிழங்கும் வருகிறது. சில இடங்களில் துருவிச் சுட்ட ஹாஷ் பிரவுன், பல இடங்களில் துண்டு போட்டு வறுத்த ஹோம் ஃப்ரைஸ். எனக்கும் கணவருக்கும் துருவியதுதான் பிடிக்கிறது. துண்டு போட்டது காரம் சேர்க்காத நம் வீட்டு வறுவல் மாதிரி சப்பென்று, சில நாள் சொதசொதவென்றுகூட இருக்கிறது. ஆனால் வீட்டில் ஹாஷ் பிரவுன் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. முதல் தடவை துருவல் சாம்பல் நிறமானது. அடுத்த தடவை கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. மூன்றாவது தடவை மேலே கருகி, உள்ளே பசை. நல்ல ரஸ்ஸெட் கிழங்குதான், வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். தப்பு எங்கே? இரண்டுக்கும் வெட்டுகிற விதம் மட்டும்தான் வித்தியாசமா?

வி., எடிசன்

அன்புள்ள வி.,

வெட்டுகிற விதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பண்டத்தின் இரண்டு வடிவம் போலத் தோன்றும். அடுப்பில் நடப்பது வேறு. ஹாஷ் பிரவுனில் கிழங்கின் தண்ணீரை முதலிலேயே வெளியேற்றியாக வேண்டும். ஹோம் ஃப்ரைஸில் கிழங்கை முதலில் வேகவைத்துவிட்டு, அதன் மேல்தோலை மட்டும் முறுக வைக்கிறோம். உங்களுக்குத் தவறியதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீருக்கும் ஃபிரிட்ஜுக்கும் உண்டு.

சாம்பல் நிறத்திலிருந்து தொடங்குகிறேன். கிழங்கைத் துருவியதும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து நிறத்தை மாற்றுகிறது. வாழைக்காயை நறுக்கிவைத்தால் கறுப்பதும் இதே வேலைதான். அதனால் துருவலை நேராகக் குளிர்ந்த தண்ணீருக்குள் விழவிடுங்கள். கையால் அலசி, தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். முதல் தண்ணீர் பால்போல் இருக்கும். அது வெட்டுப்பட்ட இடத்திலிருந்து கசிந்த மாவுச்சத்து. அதை விட்டுவைத்தால் சூட்டில் கஞ்சியாகி, துருவலைக் கல்லோடு ஒட்டவைக்கும். உங்கள் இரண்டாவது தடவையின் கதை அதுதான்.

அலசியதும் பிழிய வேண்டும். வடிதட்டில் போட்டு அழுத்தினால் போதாது. மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, முறுக்கிப் பிழியுங்கள். நின்றுவிட்டது என்று தோன்றும்போது மூட்டையைப் பிரித்து, துருவலைக் கிளறிவிட்டு, மறுபடி ஒருமுறை. அந்த இரண்டாவது பிழிதலில்தான் வித்தியாசம் தெரியும். தண்ணீர் இருக்கும் வரை கிழங்கின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வருவதற்கு ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஈரத் துருவல் கல்லில் அவிகிறது, வறுபடுவதில்லை.

அளவு: 25 சென்டிமீட்டர் வாணலிக்கு 450 கிராம் கிழங்கு, இரண்டு மேசைக்கரண்டி நெய், அரைத் தேக்கரண்டி உப்பு. வெண்ணெயைவிட நெய் நல்லது. வெண்ணெயில் உள்ள பால்திடம் கிழங்கு முறுகும் முன்பே கருகிவிடும். டைனர்காரர்களும் தெளியவைத்த வெண்ணெயையோ, பேக்கன் கொழுப்பையோ, எண்ணெயையோதான் ஊற்றுகிறார்கள். பழகிய இரும்பு தோசைக்கல் உங்களிடம் இருந்தால் அதுவே போதும், விலையுயர்ந்த வாணலி வேண்டாம். உப்பைக் கல்லில் போடும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே கலந்துவைத்தால் அது மறுபடி தண்ணீரை இழுத்து வெளியே விடும்.

நடுத்தரத் தீயில் நெய் காய்ந்ததும் துருவலை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். லேசாகத் தட்டிவிட்டால் போதும், அமுக்க வேண்டாம். மூடி போடவும் வேண்டாம், ஆவி திரும்பக் கிழங்கிலேயே இறங்கும். அதற்குப்பின் ஏழெட்டு நிமிடம் கையை வைக்காதீர்கள். தொடக்கத்தில் சொய்யென்று பெரிதாகச் சத்தம் கேட்கும், ஆவியும் எழும். தண்ணீர் குறையக் குறையச் சத்தம் தணிந்து படபடவென்று சிறிதாகும். ஓரத்தில் நூல்நூலாக நிற்கும் துருவல் தேன்நிறம் கொள்ளும். அப்போது வாணலியை அசைத்துப் பாருங்கள். அடை மொத்தமாக நழுவினால் திருப்பலாம். நழுவாவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். அடிப்பக்கம் முறுகியதும் தானாகவே கல்லை விடும், கரண்டியால் சுரண்டினால்தான் பிய்யும். மறுபக்கத்துக்கு ஐந்து நிமிடம்.

மூன்றாவது தடவை மேலே கருகி உள்ளே பசையானதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கனமாகப் பரப்பிப் பெரிய தீ வைத்தது. மற்றது ஃபிரிட்ஜ். பச்சை உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சர்க்கரை உள்ளே வேகும் முன்பே மேலே கறுத்துவிடுகிறது. கிழங்கைக் காகிதப் பையில் போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள்.

இவ்வளவு செய்தும் டைனர் சுவை முழுதாக வராமல் போகலாம். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. பல டைனர்களில் வருவது பச்சைத் துருவலே இல்லை. ஆலையில் சூடுகாட்டி உறையவைத்ததோ, உலர்த்தியதோதான். உலர்ந்த துருவல் சின்ன அட்டைப் பெட்டியில் கடையிலும் கிடைக்கிறது. வெந்நீர் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவைத்தால் தயார். ஏற்கெனவே சூடு கண்டதால் அது கறுக்காது, பசையும் குறைவு.

அந்த டைனர் சுவையை வீட்டில் கொண்டுவர நான் சிபாரிசு செய்யும் வழி, ராத்திரியே கிழங்கைத் தோலோடு முக்கால் வேக்காடு வேகவைத்து, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைப்பது. வெந்த கிழங்குக்குக் குளிர் நன்மைதான், மாவுச்சத்து இறுகிக்கொள்ளும். காலையில் தோலுரித்துப் பெரிய துளையில் துருவினால் உதிரி உதிரியாக விழும். பிழிய வேண்டியதில்லை, நிறமும் மாறாது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் ரோஸ்டி செய்வதற்கும் முதல்நாள் வேகவைத்த கிழங்குதான். அங்கே குடியானவர்களின் காலை உணவாக இருந்த பண்டம் அது. வாணலி அளவுக்கு ஒரே அடையாகச் சுட்டுத் தட்டில் கவிழ்ப்பார்கள். அமெரிக்காவின் ஹாஷ் பிரவுனும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெந்த கிழங்கைக் கொத்தி வறுத்ததாகத்தான் தொடங்கியது. பெயரிலுள்ள ‘ஹாஷ்’ என்பதற்கே கொத்துவது என்றுதான் பொருள்.

இனி ஹோம் ஃப்ரைஸ். அதை நீங்கள் இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட்டதில் எனக்கு வருத்தம்தான். நம் வறுவலில் மசாலா பேசுகிறது. இதில் பேசுவதற்கு முறுகலைத் தவிர வேறொன்றும் இல்லை. அது போய்விட்டால் சப்பென்றுதான் இருக்கும். உங்கள் பகுதி டைனர்களில் அதிகாலையிலேயே மொத்தமாக வறுத்து, கல்லின் ஓரத்தில் குவித்துவைக்கிறார்கள். குவியலுக்குள் ஆவி சிக்கி எல்லாம் இளகிவிடுகிறது. உங்கள் தட்டுக்கு வந்தது அந்தக் குவியலின் அடிப்பகுதியாக இருக்கும்.

வீட்டில் செய்தால் யூகான் கோல்ட் வகைக் கிழங்கு வாங்குங்கள். ரஸ்ஸெட்டைவிட மாவு குறைவு, துண்டு உடையாது. 700 கிராமை இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, இரண்டு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்டு அடுப்பேற்றுங்கள். சோடா துண்டின் மேற்பரப்பை மட்டும் கரைத்துச் சொரசொரப்பாக்கும். கொதிவந்து நான்கைந்து நிமிடத்தில் கத்தி சிறு தடையோடு இறங்கினால் வடித்துவிடுங்கள். வடித்ததைச் சூடான பாத்திரத்திலேயே திருப்பிப் போட்டு ஒரு நிமிடம் குலுக்கினால், ஓரமெல்லாம் மசிந்து பாலாடைபோல் ஒரு பூச்சு படியும். அந்தப் பூச்சுதான் பிறகு மொறுமொறுப்பாகிறது. தட்டில் பரப்பி ஆவி அடங்கவிட்டு, அகலமான வாணலியில் மூன்று மேசைக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டு, ஒரே அடுக்காகப் போடுங்கள். இடம் போதவில்லையா, இரண்டு ஈடாகப் போடுங்கள். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால் போதும், மொத்தம் 15 நிமிடம்.

வெங்காயத்தைத் தனியாக வதக்கிக் கடைசியில் சேருங்கள். முதலிலேயே போட்டால் அதன் தண்ணீர் கிழங்கை அவித்துவிடும், பிறகு வெங்காயமும் கருகும். பாப்ரிகா தூள் கடைசி அரை நிமிடத்தில். சிவப்பும் பச்சையுமாகக் குடைமிளகாய் சேர்த்தால் அதற்குப் பெயர் பொட்டேட்டோஸ் ஓ’பிரையன். காட்டேஜ் ஃப்ரைஸ் என்றால் பெரும்பாலும் வட்டவட்டமாக நறுக்கியது. கன்ட்ரி என்ற பெயரை ஒவ்வொரு கடையும் ஒவ்வொன்றுக்கு வைத்திருக்கிறது, கேட்டுக்கொள்வது நல்லது.

தெற்கே ஜார்ஜியா பக்கம் போனால் நிலைமை தலைகீழ், அங்கே ஹாஷ் பிரவுன்தான் ராஜா. 1955இல் அட்லாண்டாவை ஒட்டிய அவொண்டேல் எஸ்டேட்ஸில் தொடங்கிய வாஃபிள் ஹவுஸ் உணவகங்களில் இதற்கென்றே ஒரு பாஷை உண்டு. ‘ஸ்மதர்டு’ என்றால் வெங்காயம், ‘கவர்டு’ என்றால் சீஸ், ‘பெப்பர்டு’ என்றால் ஹாலப்பீனோ மிளகாய். உங்களுக்கு வேண்டிய சொல் ‘ஸ்கேட்டர்டு’. துருவலை வளையத்துக்குள் அடக்காமல் கல்லில் பரப்பிப் போடுவது. கல்லைத் தொடும் பரப்பு கூடுவதால் முறுகலும் கூடும்.

எடிசனில் அடுத்த முறை ஹோம் ஃப்ரைஸ் வந்தால் ‘வெல் டன்’, அதாவது நன்றாக முறுகலாக, என்று கேளுங்கள். குவியலிலிருந்து எடுத்து மறுபடி கல்லில் பரப்பித் தருவார்கள், ஐந்து நிமிடம் கூடுதலாகும். அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, எது பிடித்தது என்று எழுதுங்கள்.