பஃபரை ஜேசானாக்கப் போனால்: அக்காவிடம் கேட்டவை

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் சிலர் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள்: நெட்வொர்க்கில் வந்து பஃபரில் (தற்காலிக இடத்தில்) கிடக்கும் பைட்ஸை, அதாவது மூல டேட்டாவை, ஜேசான் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றுவது எப்படி என்று. எல்லாரும் பைத்தான்காரர்கள் என்பதால் பதிலும் பைத்தானிலேயே.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): அக்கா, சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பில்) வந்த டேட்டாவை டம்ப்ஸ் (ஜேசானாக்கும் ஃபங்ஷன்) செய்தால், பைட்ஸை ஜேசானாக்க முடியாது என்று டைப்எரர் வருகிறது. தனி கிளாஸ் எழுதணுமா?

பதில்: எழுதுங்கள் தம்பி, ஏழெட்டு வரிதான். ஜேசானில் பைட்ஸ் என்று ஒரு வகையே கிடையாது. பைத்தானில் ஜேசானாக்கும் வேலையைச் செய்யும் ஜேசான்என்கோடர் கிளாஸை இன்ஹெரிட் செய்து, டிஃபால்ட் மெத்தடை மட்டும் மாற்றுங்கள். என்கோடருக்குத் தெரியாத வகை வந்தால் அங்கேதான் வரும். உங்களுக்கும் தெரியாத வகை என்றால் கடைசி வரியில் சூப்பர் போட்டுத் தாய் கிளாஸிடம் தள்ளிவிடுங்கள். அந்த வரியை விட்டால் மெத்தட் 'நன்' (None) திருப்பும், ஜேசானில் சத்தமில்லாமல் 'நல்' (null) என்ற வெற்று மதிப்பு விழும். எரர் வந்தாலாவது கண்டுபிடித்துத் தொலைக்கலாம்!

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): டீகோட் போதுமா, பேஸ்64 வேண்டுமா?

பதில்: உள்ளே எழுத்து என்றால் டீகோட், அதாவது பைட்டைத் திரும்ப எழுத்தாக்குவது. படம், ஆடியோ என்றால் பேஸ்64, அதாவது எந்தப் பைட்டையும் சாதாரண எழுத்துகளால் எழுதும் முறை. 3 பைட் 4 எழுத்தாகும், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்.

கேள்வி (மாரத்தஹள்ளி): 1024 பைட்டாக வாசித்து டீகோட் செய்கிறேன். ஆங்கிலப் பெயருக்குப் பிரச்சினை இல்லை. தமிழ், கன்னடப் பெயர் வந்தால் சில சமயம் மட்டும் யூனிகோட்டீகோட்எரர். தவறான பைட்டைத் தாண்டிப் போகச் சொல்லும் இக்னோர் போட்டேன், சரியாகிவிட்டது.

பதில்: சரியாகவில்லை, மறைந்துகொண்டது. எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழிலும் கன்னடத்திலும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3. 'தமிழ்' என்பது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறியீடு, 15 பைட். 1024ஐ மூன்றால் வகுத்தால் 1 மீதி. முழுக்கத் தமிழாக இருந்தால் 341 குறியீட்டுக்குப் பிறகு அடுத்ததன் முதல் பைட் மட்டும் ஏறியிருக்கும். சில்க் போர்டில் குடும்பத்தில் பாதிப் பேர் ஏறியதுமே கண்டக்டர் விசில் அடிப்பாரே, அந்தக் கதைதான். இக்னோர் போட்டால் ஏறியவரையும் இறக்கிவிட்டு, நின்றவரையும் விட்டுவிடுகிறீர்கள். நானும் ஒரு காலத்தில் இப்படிப் போட்டவள்தான். 'முருகன்' புள்ளி போய் 'முருகன' என்று பில்லில் அச்சானது. கஸ்டமர் போன் செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பைத்தானின் கோடெக்ஸ் மாட்யூலில் இன்கிரிமென்டல் டீகோடர் இருக்கிறது. அரைகுறைப் பைட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டோடு சேர்க்கும். டேட்டாவை வாங்கி ஜேசானாக்கும் உங்கள் சீரியலைசர் கிளாஸில் அதை ஒரு அட்ரிப்யூட்டாக வையுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி டீகோடர், பொதுவில் ஒன்று வைத்தால் ஒருவர் பைட் இன்னொருவர் பெயரில் ஒட்டிக்கொள்ளும். கடைசித் துண்டுக்கு, இனி எதுவும் வராது என்று சொல்ல, 'ஃபைனல் ட்ரூ' கொடுக்க மறக்காதீர்கள்.

கேள்வி (கே.ஆர். புரம்): டம்ப்ஸ் செய்தால் தமிழெல்லாம் பின்சாய்கோடு, யூ, நம்பர் என்று வெளியே வருகிறது.

பதில்: டேட்டா கெடவில்லை, எந்தப் பார்சரும் திரும்பத் தமிழாக்கிவிடும். லாக்கில் கண்ணால் படிக்கணும் என்றால் டம்ப்ஸுக்கு 'என்ஷ்யூர் ஆஸ்கி ஃபால்ஸ்' கொடுங்கள்.

கேள்வி (அல்சூர்): டிக்ஷனரியில் வேல்யூவைத் தேட உதவும் கீயே பைட்ஸ். டிஃபால்ட் எழுதியும் எரர் போகவில்லை அக்கா.

பதில்: போகாது. டிஃபால்ட் வேல்யூவுக்குத்தான், கீ அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. டம்ப்ஸுக்கு முன்பே கீயை ஸ்ட்ரிங்காக்கிவிடுங்கள். சென்சார் டேட்டாவில் வரும் நான்-எ-நம்பரும் (NaN, எண்ணே அல்லாத மதிப்பு) அப்படித்தான்: அது ஃப்ளோட் (தசம எண் வகை) என்பதால் டிஃபால்ட்டைத் தொடாமல் வெளியேறி, ஜேசானில் இல்லாத ஒரு சொல்லாக விழும். டம்ப்ஸில் 'அலவ் நான் ஃபால்ஸ்' (allow_nan=False) வையுங்கள். உங்கள் பக்கமே வேல்யூஎரர் வந்து நிற்கும், பிரௌசரில் பார்ஸ் உடையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.